பாடிப் படிப்பது எதற்கு உதவும், எதற்கு உதவாது?

புதிதாக வந்த சினிமாப் பாட்டு பிள்ளைக்கு இரண்டே நாளில் மனப்பாடம் ஆகிவிடுகிறது. ஏழாம் வாய்ப்பாடு மட்டும் ஒரு மாதமாகியும் ஏறவில்லை. அப்படியானால் வாய்ப்பாட்டையும் பாட்டாக்கிவிட்டால் என்ன என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். நினைத்தது சரிதான். ஆனால் பாட்டு எல்லாப் பாடத்துக்கும் ஒத்துவராது. சில இடங்களில் காலை வாரியும் விடும். எங்கே கைகொடுக்கும், எங்கே கெடுக்கும் என்று தெரிந்துகொண்டால் வீட்டிலும் வகுப்பிலும் தைரியமாகப் பயன்படுத்தலாம்.

மெட்டோடு வந்தால் ஏன் மறப்பதில்லை?

முதல் காரணம், பாட்டில் தவறு செய்வது கடினம். உரைநடையில் ஒரு சொல் மறந்துபோனால் அந்த இடத்தில் வேறொன்றைப் போட்டுச் சமாளித்துவிடலாம். பாட்டில் முடியாது. இரண்டு அசை வரவேண்டிய இடத்தில் நான்கு அசை வந்தால் தாளம் இடறும். எதுகை (அடிகளின் இரண்டாம் எழுத்து ஒத்து வருவது) தவறினால் காது உடனே கண்டுபிடித்துவிடும்.

இரண்டாவது, ஓர் அடி அடுத்த அடியை இழுத்துக்கொண்டு வரும். மூன்றாவதும் முக்கியம்: ஒரே பத்தியை இருபது முறை வாசி என்றால் எந்தப் பிள்ளையும் முகம் சுளிக்கும், ஒரே பாட்டை இருபது முறை பாட யாரும் சொல்லவே வேண்டாம்.

நம்மிடம் இது பழைய வழக்கம். பதினாறாம் நூற்றாண்டில் மண்டல புருடர் செய்த சூடாமணி நிகண்டு, ஒரு பொருளுக்குரிய பல சொற்களையும் ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களையும் சொல்லும் அகராதி. அது முழுக்க விருத்தப் பாக்களால் ஆனது. ஏட்டுச்சுவடி எல்லார் கையிலும் இல்லாத காலத்தில் மாணவர்கள் அதை நெட்டுருப் போட்டு, அகராதியையே தலைக்குள் வைத்துக்கொண்டார்கள். ஔவையாரின் ஆத்திசூடி அகர வரிசையில் போவதும் இதே உதவியைச் செய்கிறது: ஒரு வரி முடிந்ததும் அடுத்த வரியின் முதல் எழுத்து எது என்று பிள்ளைக்கு முன்கூட்டியே தெரியும்.

யாப்பிலக்கணம் படித்தவர்களுக்கு இன்னும் அழகான சான்று ஒன்று தெரிந்திருக்கும். நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா என்று (நேரும் நிரையும் அசையின் இரு வகைகள்) சொல்லிக்கொடுப்பார்களே, அதில் ‘தேமா’ என்ற சொல்லே நேர் நேர் என்றுதான் ஒலிக்கிறது. ‘புளிமா’வை உச்சரித்தால் நிரை நேர் வந்துவிடுகிறது. பாடத்தின் பெயரும் பாடமும் ஒரே ஓசையில் அமைந்துவிட்டன. இதைவிடச் சிக்கனமான கற்பித்தல் கருவியை நான் பார்த்ததில்லை.

இதையெல்லாம் யாராவது சோதித்துப் பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் வாண்டா வாலஸ் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், பேசிக் கேட்ட வரிகளைவிடப் பாடிக் கேட்ட வரிகள் நன்றாக நினைவில் நின்றன. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஒரே மெட்டு பல கண்ணிகளில் திரும்பத் திரும்ப வந்து பழகியிருக்க வேண்டும். ஒரே ஒரு கண்ணியை மட்டும் கேட்டவர்களுக்கு மெட்டால் பயன் கிடைக்கவில்லை.

எடின்பரோவில் நடந்து 2014-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில் 60 பெரியவர்களுக்கு ஹங்கேரிய மொழித் தொடர்களைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழு கேட்டதைப் பேச்சாகத் திருப்பிச் சொன்னது. ஒரு குழு தாளம் சேர்த்துச் சொன்னது. மூன்றாவது குழு பாடியது. பயிற்சி 15 நிமிடம்தான். பிறகு நடந்த சோதனைகளில், குறிப்பாக அந்தத் தொடர்களைத் தாங்களே சொல்லிக்காட்ட வேண்டியவற்றில், பாடியவர்கள் முன்னே நின்றார்கள்.

உங்களுக்கு இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. மெட்டு ஏற்கெனவே பழகியதாக இருக்கட்டும். பிள்ளை கேட்டால் மட்டும் போதாது, வாய் திறந்து பாட வேண்டும். கைப்பேசியில் பாட்டை ஓட விட்டுவிட்டு நீங்கள் வேறு வேலையைப் பார்த்தால் பாதிப் பயன் போய்விடும்.

மொசார்ட் கேட்டால் மூளை வளரும் என்கிறார்களே?

அந்தப் பேச்சுக்கு வேர், 1993-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஒரு சிறு ஆய்வு. அதில் கலந்துகொண்டவர்கள் குழந்தைகளே அல்ல, 36 கல்லூரி மாணவர்கள். பத்து நிமிடம் மொசார்ட் இசை கேட்ட பிறகு, மடித்து வெட்டிய காகிதத்தை விரித்தால் எப்படி இருக்கும் என்பது போன்ற வடிவக் கணக்குகளைக் கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள். அந்தப் பலனும் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. பச்சிளங்குழந்தையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ஆகவே ‘மூளை வளர்க்கும் இசை’ என்று விற்பதற்குக் காசு கொடுக்காதீர்கள். நீங்கள் பாடும் தாலாட்டே போதும்.

பாட்டு ஓடும்போது படிக்கலாமா?

பாடிப் படிப்பது வேறு, பாட்டுக் கேட்டுக்கொண்டே படிப்பது வேறு. படிக்கும்போது சொற்கள் மனசுக்குள் மெல்ல ஒலிக்கின்றன. அவற்றைப் பணிநினைவு (கையிலுள்ள வேலைக்காகச் சில நொடிகள் மட்டும் மனம் பிடித்து வைத்திருக்கும் நினைவு) தாங்கிக்கொள்கிறது. அதே நேரத்தில் இன்னொருவர் குரலில் வேறு சொற்கள் உள்ளே நுழைந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். அதனால் வாசிக்கும்போதும் மனப்பாடம் செய்யும்போதும் வரிகளுள்ள பாட்டு வேண்டாம். படம் வரைய, நோட்டுக்கு அட்டை போட, வரைபடத்துக்கு வண்ணம் தீட்டப் பாட்டு இருந்தால் குறையொன்றும் இல்லை.

எந்தப் பாடத்தைப் பாட்டாக்கலாம்?

சொல்லும் வரிசையும் மாறாமல் நினைவில் இருக்க வேண்டியவற்றை ஆக்கலாம். எழுத்து வரிசை, வாய்ப்பாடு, மாதங்கள், கோள்கள், வேற்றுமை உருபுகள், புதிய மொழியின் அன்றாடத் தொடர்கள் எல்லாம் இதில் சேரும்.

‘ஏன்’, ‘எப்படி’ என்று கேட்கும் பாடங்களை ஆக்க வேண்டாம். இலை எப்படி உணவு தயாரிக்கிறது, அரையும் காலும் சேர்ந்தால் ஏன் முக்கால் ஆகிறது என்பதெல்லாம் செய்து பார்த்தும் பேசிப் பார்த்தும் புரிய வேண்டியவை. அவற்றைப் பாட்டாக்கினால் பிள்ளை கணீரென்று பாடும். கேட்கிற நமக்கும் புரிந்துவிட்டதாகவே தோன்றும். இந்த ஏமாற்றம்தான் பாட்டில் உள்ள பெரிய ஆபத்து. மெட்டு சொற்களைத்தான் கொண்டுவந்து சேர்க்கும். பொருளை நீங்கள்தான் தனியாகக் கொடுக்க வேண்டும்.

நானே ஒரு பாட்டு கட்ட முடியுமா?

தாராளமாக. கோள்களையே எடுத்துக்கொள்வோம். நான்கு நான்காகப் பிரித்து, ஒரு பெயருக்கு ஒரு கைத்தட்டு வைத்துச் சொல்லுங்கள்.

புதன், வெள்ளி, பூமி, செவ்வாய்,
வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன்.

ஏன் நான்கு நான்கு? முதல் அடியில் இருப்பவை பாறைக் கோள்கள். இரண்டாம் அடியில் இருப்பவை மிகப் பெரிய கோள்கள். வாயுவும் பனிப்பொருள்களும் திரண்டவை, காலூன்றி நிற்கத் திடமான தரை இல்லாதவை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே குறுங்கோள் பட்டை (சூரியனைச் சுற்றிவரும் எண்ணற்ற சிறு பாறைகள்) இருக்கிறது. ஆகவே முதல் அடி முடிந்ததும் பெயர் சொல்லாமல் ஒரு தட்டு மட்டும் தட்டச் சொல்லுங்கள். அந்தத் தட்டுதான் குறுங்கோள் பட்டை. இப்போது அடிப் பிரிப்பும் ஒரு பாடம், மௌனமும் ஒரு பாடம். பாட்டு கட்டும்போது இப்படி ஓர் இடம் அமைகிறதா என்று பாருங்கள். அமைந்தால் வேலை பாதி முடிந்தது.

மெட்டுக்குக் கும்மி, தாலாட்டு, ஊஞ்சல் பாட்டு போன்றவை நல்லவை. இப்போது ஊரெல்லாம் ஒலிக்கும் சினிமா மெட்டு வேண்டாம். பிள்ளையின் வாயில் பழைய வரிகள்தான் முந்திக்கொண்டு வரும்.

மொழிப் பாடமென்றால் குறில், நெடிலில் கண்டிப்பாக இருங்கள். மெட்டு தன் வசதிக்குக் குறிலை இழுக்கும், நெடிலைச் சுருக்கும். ‘மலை’யை இழுத்துப் பாடினால் ‘மாலை’ ஆகிவிடும். ‘படி’ ‘பாடி’ ஆகிவிடும். எழுத்துக்கூட்டிப் பழகும் பிள்ளை காதில் விழுந்தபடிதான் எழுதும். நீளும் சுரம் நெடிலின் மேல் விழுகிறதா என்று நீங்களே ஒருமுறை பாடிப் பார்த்து, விழாவிட்டால் சொல்லை மாற்றுங்கள்.

வேகமும் கவனிக்க வேண்டியது. ஆங்கில எழுத்துகளுக்கான பிரபலமான பாட்டில் எல், எம், என், ஓ, பி ஐந்தும் மூச்சுவிடாமல் ஓடிவரும். அதை ஒரே எழுத்தென்று நினைத்துக்கொள்ளும் குழந்தைகள் உண்டு. ஒவ்வோர் எழுத்தையும் விரலால் தொட்டுக்கொண்டே பாட வைத்தால் இந்தக் குழப்பம் தீரும்.

வகுப்பில் நாற்பது பேர் பாடும்போது யாருக்கு வரவில்லை என்று எப்படித் தெரியும்?

தெரியாது. கூட்டுப் பாட்டு கூச்சமுள்ள பிள்ளைக்கு நிழல். பாடம் வராத பிள்ளைக்கும் அதுவே ஒளிவிடம். வகுப்பை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் பாட, மறுபக்கம் தாளம் போடட்டும். அல்லது நீங்கள் பாடிக்கொண்டே வந்து கடைசிச் சொல்லை விட்டுவிடுங்கள். அந்த இடைவெளியை எந்த வரிசை நிரப்புகிறது, எந்த வரிசை பக்கத்து வரிசையைப் பார்க்கிறது என்று கண்ணுக்கே தெரிந்துவிடும்.

எனக்குக் குரலே இல்லையே?

சுருதி சேராவிட்டால் பாடத்துக்கு ஒரு நட்டமும் இல்லை. சொல் தெளிவாக இருக்க வேண்டும், தாளம் பிசகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆண்கள் மட்டும் கொஞ்சம் மேல் சுருதியில் எடுங்கள். தாழ்ந்த சுருதியில் சிறு பிள்ளைகளின் குரல் எட்டாது. பாடவே கூச்சமென்றால் மேசையில் தட்டிச் சொல்லுங்கள், அதுவும் உதவும். காது கேட்பதில் குறையுள்ள பிள்ளையின் உள்ளங்கையை அந்த மேசைமேல் வைக்கச் சொன்னால் தாளம் அதிர்வாகப் போய்ச் சேரும்.

பெரியவர்களுக்கும் பயனுண்டா?

உண்டு. இதயம் நின்றுபோனவருக்கு நெஞ்சை அழுத்தும் முதலுதவியில் நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் கொடுக்க வேண்டும். பதற்றத்தில் அந்த வேகத்தை எண்ணிக்கொண்டிருக்க முடியாது. அதனால் பீ ஜீஸ் குழுவின் 1977-ஆம் ஆண்டுப் பாடலான ‘ஸ்டேயின் அலைவ்’ பாடலை மனசுக்குள் பாடிக்கொண்டே அழுத்தச் சொல்லிப் பயிற்சி கொடுக்கிறார்கள். அதன் தாளம் நிமிடத்துக்குச் சுமார் 103. ஆங்கிலம் கற்கும் பெரியவர்களும் பாட்டை நாடலாம். பேச்சில் சொற்கள் எப்படி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன என்பது பாட்டில் காதுக்கு நன்றாகப் பிடிபடும்.

பாட்டு வந்துவிட்டது, விடை மட்டும் வரவில்லை. என்ன செய்வது?

பெற்றோர் அதிகம் குழம்பும் இடம் இதுதான். “ஏழெட்டு எவ்வளவு?” என்று கேட்கிறீர்கள். பிள்ளையின் உதடு அசைகிறது. ஓரேழ் ஏழு, ஈரேழ் பதினாலு என்று அடியிலிருந்து தொடங்கி, விரல் மடக்கிக்கொண்டே ஏறி, எட்டாவது படியில் வந்துதான் “ஐம்பத்தாறு” என்கிறது. நடுவில் யாராவது பேசிவிட்டால் மறுபடி முதலிலிருந்து. இதற்காகத் திட்டாதீர்கள். பாட்டு சங்கிலியாகத்தான் மனசில் பதியும். முதல் கண்ணியைப் பிடித்தால்தான் அடுத்தது வரும். அதை உடைப்பது நம் வேலை.

முதலில், தொடங்கும் இடத்தை மாற்றுங்கள். ஒரு நாள் ஐயேழ் முப்பத்தைந்திலிருந்து பாடட்டும், மறுநாள் எட்டேழிலிருந்து. பிறகு மெட்டை விட்டுவிட்டுத் தாளத்தோடு மட்டும் சொல்லட்டும். அடுத்து தாளமும் வேண்டாம். துண்டுச் சீட்டுகளில் எழுதிக் குலுக்கிப் போட்டு, எடுத்த சீட்டுக்கு விடை சொல்லட்டும். ஏழேழ் நாற்பத்தொன்பது தெரிந்தால் அதோடு இன்னோர் ஏழைக் கூட்டினாலே ஐம்பத்தாறு என்று புளியங்கொட்டை வைத்தும் காட்டிவிடுங்கள். பாட்டில் கிடைக்காத காரணம் அங்கே கிடைக்கும்.

கோள்களுக்கும் இதே வழிதான். சனிக்கு அடுத்து எது, சனிக்கு முன்னால் எது என்று மாற்றி மாற்றிக் கேளுங்கள். ‘முன்னால்’ என்று கேட்டதும் பிள்ளை புதனிலிருந்து பாட ஆரம்பித்தால் இன்னும் சில நாள் பாட்டு தேவை. பாடாமலே “வியாழன்” என்று சொன்னால் அந்தப் பாட்டை நிறுத்திவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகலாம்.