சிப்பில் இருக்கும் பாட்டு யாருடைய பாட்டு?



சம்பளம் போட்டதும் டவுனுக்குப் போய், கொமியூனிகேஷன் கடையில் போன் சிப் நிறையப் பாட்டு ஏற்றி வருகிறோம். "காசு கொடுத்துத்தானே வாங்கினோம், இது எப்படிக் கள்ளப் பாட்டாகும்?" என்று லயத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் காசு, ஏற்றிக் கொடுத்த கூலி. அனுமதி வாங்காத கடையென்றால் பாட்டு எழுதினவருக்கும் பாடினவருக்கும் அதில் ஒரு சதமும் சேராது. உரிமையாளரைக் கேட்காமல் பிரதி எடுத்து விற்பது நமது நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி குற்றம்.

முறைப்படி வாங்கிய பாட்டை எப்படி அறிவது? முதல் அடையாளம் பற்றுச்சீட்டு. இணையக் கடையில் வாங்கினால் அது ஈமெயிலுக்கு வரும். ஐடியூன்ஸில் வாங்கிய பாட்டுக்குள்ளேயே வாங்கினவரின் பெயரும் ஈமெயிலும் பதிந்திருக்கும். கொம்பியூட்டரில் பாட்டின் விபரத்தைத் திறந்தால் தெரியும். வேறு யாரோ பெயர் இருந்தால் அது கைமாறி வந்த பிரதி.

கள்ளப் பிரதியில் பெரும்பாலும் பாடகர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஏதோ ஒரு இணையத்தளத்தின் பெயர் இருக்கும். இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லவும் கூடாது. பேண்ட்கேம்ப் போன்ற முறையான கடைகளும் குறிப்புப் பகுதியில் தங்கள் விலாசத்தைப் போடுகின்றன.

அளவைப் பார்ப்பவர்களும் உண்டு. நாலு நிமிடப் பாட்டு 256 கேபிபிஎஸ் தரத்தில் ஏறக்குறைய ஏழரை எம்பி வரும், 128இல் அதில் பாதி. ஆனால் சின்னதைப் பெரிதாக மாற்றியும் வைக்கிறார்கள். தண்ணியாய்ப் போன பிளேன்டீயைப் பெரிய கோப்பையில் ஊற்றினால் சாயம் ஏறுமா?

ஸ்பொட்டிஃபைக்கு மாதக் காசு கட்டி இறக்கி வைப்பது முறையானதுதான், ஆனால் அது வாடகை. கட்டுவதை நிறுத்தினால் இறக்கி வைத்த பாட்டும் நின்றுவிடும்.

பயப்பட வேண்டியது இன்னொன்று. பாட்டின் பெயர் 'ஏபிகே' என்று முடிந்தால் அது பாட்டே இல்லை, போனுக்குள் புகும் ஒரு செயலி. பாட்டுக் கேட்க எதையும் 'இன்ஸ்டால்' பண்ணத் தேவையில்லை. கொழும்பிலும் வெளிநாட்டிலும் பாடுபடும் பிள்ளைகள் அனுப்பும் காசுக்கான பேங்க் மெசேஜும் அதே போனுக்குத்தானே வருகிறது! அப்படி வந்தால் திறக்காமலே அழித்துவிடுங்கள்.

பாட்டு வாங்கக் கணக்குத் திறக்கும்போது கடைக்காரரின் ஈமெயிலைப் போட விடாதீர்கள். உங்கள் சொந்த ஈமெயில் என்றால்தான், போன் தொலைந்தாலும் அதே கணக்கில் நுழைந்து பாட்டைத் திரும்ப இறக்கப் பார்க்கலாம்.