‘டேக் ஆஃப்’ என்னும் வினை

ஆங்கிலத்தில் எளிய வினைச்சொல் ஒன்றும் இடைச்சொல் ஒன்றும் சேர்ந்து, தனித்தனியே நிற்கையில் இல்லாத பொருளைத் தருமானால், அக்கூட்டை இலக்கண நூலார் ‘ஃபிரேசல் வெர்ப்’ என்பர். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் பதிப்பாசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லி பரிந்துரைத்த இப்பெயரை லோகன் பியர்சால் ஸ்மித் 1925இல் தம் நூலில் எடுத்தாண்டார். பெயர்தான் புதிது, 1755இல் வெளியான தம் அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன், அயல்மொழியினர் மிகவும் இடர்ப்படும் இடம் இதுவே என்று கூறி, அடுக்கிய எடுத்துக்காட்டுகளுள் ‘டேக் ஆஃப்’ என்பதையும் சேர்த்திருந்தார். விமானம் இல்லாத அக்காலத்தில் அதற்கு அவர் தந்த பொருள் ‘போலச் செய்தல்’ என்பதாகும்.

‘டேக்’ என்பது எடுத்தலையும் ‘ஆஃப்’ என்பது விலகலையும் குறிப்பதால், இரண்டும் சேர்ந்தால் ‘அகற்றுதல்’ என்னும் பொருள் பிறப்பது இயல்பே. ஆயினும் எந்தப் பொருளில் வருகிறது என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது செயப்படுபொருள்தான். சட்டையோ செருப்போ வந்தால் கழற்றுதல். விலையில் ஒரு தொகை வந்தால் தள்ளுபடி. ஓர் ஆள் வந்தால், குறிப்பாகப் பிரிட்டிஷ் பேச்சுவழக்கில், அவரைப் போல நடித்துக் காட்டிக் கேலி செய்தல். செயப்படுபொருளே இல்லையெனில் விமானம் மேலெழுகிறது, புதிய வணிகம் சூடுபிடிக்கிறது, விருந்தாளி சட்டென்று கிளம்பிவிடுகிறார். அகராதிகள் இவற்றுக்கு எண்ணிட்டுத் தரும் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, பின்னால் வருவது என்ன என்று பார்ப்பதே பயன்தரும். ஆனால் ‘போலச் செய்தல்’ மட்டும் இந்த விலகற்பொருளுக்குள் எளிதில் அடங்குவதில்லை.

சொல்வரிசையில்தான் பலர் சறுக்குகின்றனர். ‘டேக் ஆஃப் யுவர் ஷூஸ்’, ‘டேக் யுவர் ஷூஸ் ஆஃப்’ ஆகிய இரண்டும் சரியே. ஆனால் காலணிக்குப் பதிலாகச் சுட்டுப்பெயர் வருமானால் அது நடுவில்தான் அமரவேண்டும் என்பதால், ‘டேக் தெம் ஆஃப்’ என்பது பொருந்தும், ‘டேக் ஆஃப் தெம்’ என்பது பிழையாகும். நம் அலுவலகங்களில் ‘இன்று ஆஃப்’ என்று விடுப்பைச் சொல்லும்போது வினை உதிர்ந்து இடைச்சொல் மட்டும் தமிழுக்குள் வந்திருப்பதும் கவனிக்கத்தக்கது.

வினையாக வருகையில் அழுத்தம் ‘ஆஃப்’ மீது விழும். பெயர்ச்சொல்லானதும் அது ‘டேக்’ மீது தாவும், எழுத்திலும் இடையில் சிறுகோடு தோன்றும். இந்தப் பெயர்ச்சொல்லையே பொருளியலாளர் டபிள்யூ. டபிள்யூ. ராஸ்டோ, 1960இல் வெளியான தம் நூலில், பொருளாதார வளர்ச்சியின் ஐந்து கட்டங்களுள் மூன்றாவதற்குச் சூட்டினார். பிரிட்டனின் மேலெழுச்சியை 1783இலிருந்து கணக்கிட்ட அவர், இந்தியாவுக்கு 1952ஐத் தொடக்கமாகக் குறித்து, முடிவாண்டை எழுதாமல் விட்டார்.