இடைவேளையில் பெய்யும் மழை

பள்ளிப் பாடநூல்கள் சொல்லித்தரும் இரு பருவமழைகளின் வரையறைக்குள் சேலம், நாமக்கல் சமவெளிகளின் மழைக்கணக்கு எளிதில் அடங்குவதில்லை. தமிழகம் முழுமைக்குமான ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. மூன்றில் ஒரு பங்கு, ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவத்தில் கிடைக்கிறது. கடலிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் உள்ளே அமைந்து, சேர்வராயன், போதமலை, கொல்லிமலை, கல்வராயன் ஆகிய மலைகள் இடையிடையே எழுந்து நிற்கும் இந்தச் சமவெளியிலோ தென்மேற்குப் பருவத்தின் பங்கு வடகிழக்குப் பருவத்தின் பங்குக்குக் குறைந்ததாக இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில், அதாவது அம்மலை காற்றின் ஈரத்தைப் பிழிந்துகொண்ட பின் வறண்ட காற்றே இறங்கி வரும் மழை மறைவுப் பகுதியில் இருக்கும் நிலத்துக்கு இவ்வளவு மழை எப்படிக் கிடைக்கிறது என்ற கேள்வி நியாயமானதே.

மேட்டூர் அணையை எடுத்துக்காட்டினால் இந்தக் கேள்வி இன்னும் கூர்மை பெறும். 1934இல் கட்டி முடிக்கப்பட்டு, 120 அடி உயரத்துக்கு ஏறத்தாழ 93.5 டி.எம்.சி. நீரைத் தேக்கும் அந்த அணை சேலம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. எனினும் அது பெரும்பாலும் நிரம்புவது குடகிலும் கபினியின் நீர்ப்பிடிப்பிலும் பெய்யும் மழையால். குடகில் விடாமல் கொட்டி, மேட்டூருக்கு வெள்ளம் பெருக்கெடுத்து வரும் அதே வாரத்தில், அணையிலிருந்து சில கல் தொலைவிலுள்ள மேட்டுக்காடுகளில் ஆடிக்காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருக்கும். மேற்கே மழை வலுக்கும்போது இங்கே காய்ச்சலும், மேற்கே மழை ஓயும்போது இங்கே இடிமழையுமாக அமையும் இந்த முரண்பாட்டைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. அதன் காரணம் வெகு தொலைவிலும் வெகு உயரத்திலும் இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள உதவியவர்களில் முதன்மையானவர், இந்திய வானிலைத் துறையில் நெடுங்காலம் பணியாற்றி, 1960களின் நடுப்பகுதியில் அதன் தலைமை இயக்குநராகவும் இருந்த சி. ராமசாமி.

வானிலை அறிக்கைகளில் கோடைக்காலம் முழுவதும் தவறாமல் இடம்பெறும் ஒரு விளக்கம் வெப்பச்சலனம் என்பது. வெயிலில் சூடேறிய நிலம் தன்மேல் படியும் காற்றைச் சூடாக்க, அக்காற்று இலேசாகி மேலெழுந்து, போகப் போகக் குளிர்ந்து, அதிலுள்ள நீராவி துளிகளாகத் திரண்டு முகிலாகிறது. துளிகள் திரளும்போது வெளிப்படும் வெப்பம் காற்றை மேலும் உந்தித் தள்ளுவதால், முகில் 12 முதல் 15 கிலோமீட்டர் உயரம் வரைகூடக் கோபுரமாக வளர்ந்து, உள்ளே பனித்துகள்கள் ஒன்றோடொன்று மோதி மின்னேற்றம் பிரிந்து, இடியும் மின்னலும் பிறக்கின்றன. விளக்கம் சரியானதே, ஆனால் போதுமானதன்று. வெயில் ஒன்றே காரணமானால் சித்திரையிலும் வைகாசியிலும் ஒவ்வொரு மாலையும் சேலத்தில் மழை கொட்டியாக வேண்டும். பல நாட்கள் முகில் திரண்டும் பெய்யாமல் கலைந்துபோவதும், பின்பு ஒருநாள் பல மாவட்டங்களில் ஒரே மாலையில் இடி இடிப்பதும் ஏன் என்பதற்கு அந்த விளக்கத்தில் விடை இல்லை.

ராமசாமியின் புகழ்பெற்ற ஆய்வு ஒன்று, சுவீடனிலிருந்து வெளிவந்த டெல்லஸ் இதழில் 1956இல் வெளியானது. அது எடுத்துக்கொண்ட பொருள் இந்த விடையில்லாக் கேள்வியே. பருவமழைக்கு முந்தைய மாதங்களில் வட இந்தியாவின் மேல், ஏறத்தாழ 12 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிக் குறுகிய பட்டையாக மிகுவேகத்தில் காற்று பாய்கிறது. ஜெட் காற்று எனப்படும் இவ்வகை ஓட்டங்களின் ஆற்றல், இரண்டாம் உலகப் போரின்போது உயரத்தில் பறந்த விமானங்கள் அவற்றை எதிர்கொண்டபோதுதான் பரவலாக உணரப்பட்டது. இந்த ஓட்டம் நேர்கோட்டில் செல்லாமல் ஆற்றைப்போல் வளைந்து செல்வதால், வளைவின் ஒரு பக்கத்தில், அதாவது தெற்கே இறங்கும் மடிப்புக்குக் கிழக்கே, மேலடுக்குக் காற்று விரிந்து பரவுகிறது. பரவிய இடத்தை நிரப்பக் கீழிருந்து காற்று மேலே இழுக்கப்படுவது, அடுப்பின் மேல் நல்ல புகைபோக்கி இருந்தால் புகை தானே மேலேறுவதை ஒத்தது. நிலத்தின் சூடு இடிமழைக்குத் தேவையான சரக்கைத் தருகிறது. அது எந்த நாளில், எவ்வளவு பரப்பில் வெடிக்கும் என்பதை மேலடுக்கு ஓட்டம் பெருமளவு தீர்மானிக்கிறது. ஒவ்வொரு இடிமுகிலையும் தனித்தனி உள்ளூர் நிகழ்வாகப் பார்த்துவந்த முன்னறிவிப்பாளர்களின் கண்ணைத் தரையிலிருந்து வானுக்கு உயர்த்திய ஆய்வு அது.

இரண்டே ஆண்டுகள் கழித்து, 1958இல், அதே துறையைச் சேர்ந்த பி. கோட்டீஸ்வரம் மற்றொரு ஓட்டத்தை விவரித்தார். தென்மேற்குப் பருவ மாதங்களில் தென்னிந்தியாவின் மேல் சுமார் 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில், கீழே வீசும் மேற்குக் காற்றுக்கு நேர் எதிராக, கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பாயும் கீழை ஜெட் காற்று அது. இவ்விரண்டு ஓட்டங்களையும் ஒரே சித்திரத்துக்குள் கொண்டுவந்ததே ராமசாமி 1962இல் வெளியிட்ட கட்டுரையின் சிறப்பு.

அக்கட்டுரையின் பொருள் பருவமழை இடைவேளை. ஜூலையிலும் ஆகஸ்டிலும், ராஜஸ்தானிலிருந்து கங்கைச் சமவெளி வழியாக வங்காள விரிகுடாவின் தலைப்பகுதி வரை நீண்ட தாழ்வழுத்தப் பள்ளம் ஒன்று படிந்திருக்கிறது. அதுவே நாட்டின் நடுப்பகுதிக்கு மழை தருவது. சில நாட்களில் அந்தப் பள்ளம் வடக்கே நகர்ந்து இமயத்தின் அடிவாரத்தை ஒட்டிக்கொள்ள, மத்திய இந்தியாவில் வானம் வெளுத்து, மேற்குக் கரையிலும் மழை குன்றுகிறது. இந்த ஓய்வு சில நாட்களோ, ஓரிரு வாரங்களோ நீடிக்கும். 19ஆம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்த இந்நிகழ்வுக்கு ராமசாமி தந்த விளக்கம், நடு அட்சரேகைகளின் மேலைக்காற்றில் தோன்றும் ஆழமான மடிப்புகள் வழக்கத்துக்கு மாறாகத் தெற்கே இறங்கி வருவதும், அதனால் திபெத்தின் மேல் நிலைகொண்டிருக்கும் உயரழுத்தம் குலைந்து, மேலை ஜெட் காற்றும் கீழை ஜெட் காற்றும் ஒன்றின் மேல் ஒன்று வினைபுரிவதுமே இடைவேளைக்குக் காரணம் என்பதாகும். மத்திய ஆசியாவின் மேல் ஏற்படும் ஒரு காற்று வளைவு, விதர்ப்பாவின் பருத்திக்காட்டைக் காயவைக்கும் என்று கணினிகளின் உதவி இல்லாத காலத்தில், கையால் வரைந்த வானிலை வரைபடங்களை நாள்நாளாக ஒப்பிட்டுச் சொன்ன துணிவைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

நாடெங்கும் மழை ஓயும் இந்த நாட்களில் இரண்டு இடங்களில் மட்டும் மழை மிகும் என்பது இந்நிகழ்வின் இன்னொரு பக்கம். ஒன்று இமய அடிவாரம். அசாமும் பீகாரும் வெள்ளத்தில் மிதப்பது பெரும்பாலும் அப்போதுதான். மற்றொன்று தீபகற்பத்தின் தென்கிழக்கு மூலை, அதாவது தமிழகம். தேசிய அளவில் இடைவேளை என்றாலே வறட்சியின் அச்சம் எழும். சேலத்து மானாவாரி உழவரின் நோக்கில் அதுவே விதைப்புக்குரிய காலமாகிவிடுவதால், நாட்டின் சராசரியை மட்டும் வைத்துப் பருவமழையை நல்லது கெட்டது என்று மதிப்பிடும் வழக்கம் இந்தச் சமவெளிக்குப் பொருந்தாது என்றே சொல்லவேண்டும்.

இடைவேளையில் தமிழகத்தில் மழை மிகுவதன் இயக்கத்தைப் பிற்கால ஆய்வுகள் தெளிவாக்கின. பருவமழை வலுவாக இருக்கையில், தரையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் அரபிக்கடலிலிருந்து பாய்ந்து வரும் தாழ்நிலை ஜெட் காற்று தீபகற்பத்தை ஊடுருவிச் செல்கிறது என்றும், இடைவேளை நாட்களில் அது இந்தியாவைத் தவிர்த்து, தெற்கே குமரிக்கும் அப்பாலான கடல் வழியாகக் கிழக்கே போய்விடுகிறது என்றும் பி.வி. ஜோசப், எஸ். சிஜிகுமார் இருவரும் 2004இல் காட்டினர். தரையில் நிற்பவருக்கு இது ஆடிக்காற்று தணிவதாகத் தெரிகிறது. மலை கடந்து இறங்கும் வறண்ட காற்றின் வேகம் குறைவதால், வளரும் முகில் சிதையாமல் நிற்கிறது. வானம் வெளுத்திருப்பதால் பகல் வெயில் நிலத்தை நன்றாகச் சுடுகிறது. வங்கக்கடலின் ஈரம் உள்நாட்டுக்குள் நுழைய இடம் கிடைக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் இருக்க, சேலம் நகரம் சுமார் 280 மீட்டரிலேயே அமைந்திருப்பதால், மலைச்சரிவுகள் சமவெளியைவிட விரைவில் தம்மை ஒட்டிய காற்றைச் சூடாக்கி மேலே அனுப்புகின்றன. முற்பகலில் மலைமுகட்டில் கட்டும் முகில், மாலையில் இடிமுகிலாகிச் சமவெளியில் இறங்குகிறது.

ஓர் இடிமுகிலின் அகலம் சில கிலோமீட்டரே. தனி முகிலின் ஆயுளும் ஒரு மணி நேரத்துக்கு உட்பட்டதே. ஆகவே ராசிபுரத்தில் இரண்டு உழவு மழை பெய்த மாலையில், அருகிலுள்ள ஆண்டகளூர்கேட்டில் மண் நனையாமலும் போகலாம். காலை 8.30 மணிக்கு அளவெடுக்கப்படும் மழைமானி தான் நிற்கும் இடத்தின் கணக்கையே சொல்லும், குறைந்தது 2.5 மில்லிமீட்டர் பதிவானால்தான் அது மழைநாள். இடிநாள் என்பதற்கு மழையே தேவையில்லை, நிலையத்தில் இடியோசை கேட்டாலே போதும். 25 மில்லிமீட்டர் மழை ஓர் ஏக்கரில் ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் நீருக்குச் சமம். நிலக்கடலைக்கும் சோளத்துக்கும், ஆத்தூர்ப் பக்கத்து மரவள்ளிக்கும் அப்படி ஒரு மழை ஆவணியில் கிடைப்பதும் பக்கத்துக் காட்டோடு நின்றுவிடுவதும் விளைச்சலையே மாற்றக்கூடியவை. கடற்கரையிலுள்ள ராடார்களின் அலை, புவியின் வளைவு காரணமாக, இவ்வளவு தொலைவுக்கு வரும்போது தரையிலிருந்து சில கிலோமீட்டர் மேலே போய்விடுவதால், முகிலின் கீழ்ப்பகுதி அதன் பார்வைக்குத் தப்பிவிடுகிறது.

இடைவேளை வந்தாலே இங்கு மழை உறுதி என்று கொள்வதும் பிழை. 2002 ஜூலையில் நாட்டின் மழை வழக்கத்தில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அந்த நீண்ட ஓய்வுப் பருவத்தில் தமிழகமும் சேர்ந்தே காய்ந்தது. இத்தகைய விலக்குகளுக்கு இடம்தரும் வகையில் விளக்கம் விரிந்தது, டி.ஆர். சிக்காவும் சுலோச்சனா காட்கிலும் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 1980இல் வெளியிட்ட ஆய்வால். கிழக்கு மேற்காக நீண்ட முகில் பட்டை ஒன்று நிலநடுக்கோட்டுக் கடலில் தோன்றி, சில வாரங்களுக்கு ஒருமுறை வடக்கே நகர்ந்து இந்திய நிலப்பரப்பை அடைகிறது என்றும், நிலத்தின் மேலுள்ள பட்டை ஓய்வதும் கடலிலிருந்து புதியது புறப்படுவதும் தொடர்புடையவை என்றும் அவர்கள் கண்டனர். ராமசாமி வடக்கே நோக்கிக் காரணம் தேடினார். இவர்கள் தெற்கே நோக்கினர். ஒன்று மற்றொன்றை மறுப்பதாகக் கொள்ளத் தேவையில்லை, இரு திசைகளின் செல்வாக்கும் ஆண்டுக்கு ஆண்டு வேறுபடுவதாகக் கொள்வதே பொருத்தம்.

ராமசாமியோ தம் பிற்கால உழைப்பைப் பெருவெள்ளங்களின் பக்கம் திருப்பினார். 1923 முதல் 1979 வரை இந்தியாவில் நேர்ந்த கடும் வெள்ளங்களின் வானிலைப் பின்னணியை ஆராய்ந்து அவர் எழுதிய தனிநூலை வானிலைத் துறை 1987இல் வெளியிட்டது. மழை ஓயும் நாட்களை ஆராய்ந்தவரே வெள்ளத்தையும் ஆராய்ந்தது முரணாகத் தோன்றலாம். ஆனால் மத்திய இந்தியாவின் ஓய்வும் பிரம்மபுத்திராவின் பெருக்கும் ஒரே வரைபடத்தின் இரு மூலைகள் என்பதை அறிந்தவருக்கு அது இயல்பான தொடர்ச்சியே.

இன்று வானிலைத் துறை வியாழக்கிழமைதோறும் அடுத்த நான்கு வாரங்களுக்கான நீட்டித்த முன்னறிவிப்பை வெளியிடுகிறது. பருவமழை வலுக்குமா, ஓயுமா என்பதே அதன் மையக் கேள்வி. மாவட்ட அளவில் அதை உழவர்களுக்குரிய ஆலோசனையாக மாற்றித்தரும் நிலையங்களுள் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இயங்குவதும் ஒன்று. முட்டைக் கோழிப் பண்ணைகள் நிறைந்த மாவட்டம் என்பதால், மழை வாய்ப்போடு வெப்ப அயற்சியைப் பற்றிய எச்சரிக்கையும் அதன் குறிப்புகளில் இடம்பெறுகிறது. காற்று தணிந்து, வெயிலும் புழுக்கமும் ஏறி, மாலை இடிக்கு வாய்ப்புள்ள நாள் மானாவாரிக் காட்டுக்கு உகந்ததாக இருக்கும்போதே, கோழிக் கொட்டகைகளில் கூடுதல் தண்ணீரும் காற்றோட்டமும் தேவைப்படும் நாளாகவும் இருக்கிறது.