நூறு பேரின் நேரக் கணக்கு
சிம்பொனி இசைக்குழுவின் ஆண்டுத் திட்டம் எப்படி உருவாகிறது?

மேல்நாட்டுச் சிம்பொனி இசைக்குழு ஒன்றை நீங்கள் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். மேடையில் அரைவட்டமாக ஏறத்தாழ நூறு பேர் அமர்ந்திருப்பார்கள். முன்வரிசைகளில் வயலின், வயோலா, செல்லோ முதலிய நரம்புக் கருவிகள். நடுவே புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன் ஆகிய மரக்குழல்கள். அவற்றுக்குப் பின்னே ஹார்ன், டிரம்பெட், டிராம்போன், டியூபா என்னும் பித்தளைக் கருவிகள். கடைசியில் முரசுகளும் தாளத் தட்டுகளும். நடத்துநர் கையிலுள்ள சிறு கோலை அசைத்ததும் அத்தனை பேரும் ஒருவரைப் போல் வாசிக்கத் தொடங்குகிறார்கள்.

அந்தக் கோல் அசைவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு வேலை தொடங்கிவிடுகிறது. இன்ன நாளில், இன்னார் நடத்த, இன்னின்ன படைப்புகளை வாசிப்பது என்று ஓர் இசைப் பருவம் முழுமைக்கும் முடிவு செய்யும் வேலை அது. நல்ல இசை எது என்று தெரிந்தால் போதாதா, இதில் என்ன கடினம் என்று நீங்கள் கேட்கலாம். உண்மையில் இது சிக்கலான ஒரு கணக்கு. பணம், ஆள், கருவி, மண்டபம் எல்லாம் இதில் வருகின்றன. ஆனால் எல்லாவற்றையும் ஆட்டிவைப்பது ஒன்றுதான்: நேரம்.

பதினாறு கோடி வழிகள்

ஓர் இசைக்குழுவின் நூலகத்தில் 1,000 படைப்புகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு மாலை நிகழ்ச்சிக்கு மூன்று படைப்புகள் வேண்டும். பத்து நிமிட முன்னிசை ஒன்று. தனிக்கலைஞர் ஒருவர் இசைக்குழுவோடு சேர்ந்து வாசிக்கும் அரை மணி நேரக் 'கன்சர்ட்டோ' ஒன்று. இடைவேளைக்குப் பிறகு நாற்பது நிமிடச் சிம்பொனி ஒன்று. இதுவே பழைய வழக்கம். வகையைப் பாராமல் ஆயிரத்திலிருந்து எவையேனும் மூன்றைத் தேர்ந்தெடுக்க எத்தனை வழிகள் உள்ளன தெரியுமா? 16 கோடியே 61 லட்சத்து 67 ஆயிரம்! இது ஒரே ஒரு மாலைக்கு. ஒரு பருவத்தில் இருபது, இருபத்தைந்து வாரங்கள் இருக்கின்றனவே!

இவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க எவராலும் இயலாது. திட்டமிடுபவர் சல்லடை போட்டுச் சலிக்கிறார். முதல் சல்லடை நாட்காட்டி. அமெரிக்காவின் பாஸ்டன் நகர இசைக்குழுவை எடுத்துக்கொள்வோம். 1881ஆம் ஆண்டில் தோன்றிய இக்குழுவுக்கு 1900 முதல் சொந்த மண்டபம் இருக்கிறது. இலையுதிர் காலத்திலிருந்து வசந்தம் வரை அங்கே சிம்பொனிப் பருவம். அதன்பின் எளிய இசைக்கான 'பாப்ஸ்' பருவம். அப்போது தரைத்தள நாற்காலிகளை அகற்றி மேசைகள் போடுவதால் 2,625 இருக்கைகள் 2,371 ஆகக் குறைந்துவிடும். கோடையில் குழு முழுவதும் டாங்கிள்வுட் என்னும் இடத்துக்குச் சென்று திறந்த புல்வெளியை அடுத்த கொட்டகையில் வாசிக்கிறது. ஆண்டு இப்படி மூன்றாகப் பிரிந்துவிடுகிறது. அதற்குள் புகழ்பெற்ற நடத்துநர்களும் தனிக்கலைஞர்களும் எந்த வாரம் ஓய்வாக இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அவர்களை உலகெங்கும் பல குழுக்கள் அழைக்கின்றன. ஆகவேதான் ஆண்டுகளுக்கு முன்பே நாள் குறிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு நிமிட இசைக்கு ஏழு நிமிடம்

இரண்டாம் சல்லடை ஒத்திகை. அமெரிக்காவின் பெரிய குழுக்களில் ஒரு கலைஞர் வாரத்துக்கு எட்டு முறைக்கு மேல் பணிக்கு வரவேண்டியதில்லை என்பது பொதுவான ஒப்பந்தம். ஒத்திகை, நிகழ்ச்சி இரண்டும் இதில் அடக்கம். நான்கு ஒத்திகை, நான்கு நிகழ்ச்சி என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஒத்திகை இரண்டரை மணி நேரம். நான்குக்கும் சேர்த்து 600 நிமிடம். ஒவ்வொன்றிலும் 20 நிமிட ஓய்வைக் கழித்தால் மிஞ்சுவது 520 நிமிடம்.

நிகழ்ச்சியில் 75 நிமிட இசை இருந்தால், ஒரு நிமிட இசைக்கு ஏறத்தாழ 7 நிமிட ஒத்திகை கிடைக்கும். கலைஞர்கள் பலமுறை வாசித்த பீத்தோவன், பிராம்ஸ் படைப்புகளுக்கு இது தாராளம். ஆனால் இதுவரை எவருமே வாசித்திராத 20 நிமிடப் புதுப் படைப்பு ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும்? அது மட்டுமே பாதி நேரத்தை, அதாவது 260 நிமிடத்தை, விழுங்கிவிடலாம். மிச்சமுள்ள 55 நிமிட இசைக்கு, நிமிடத்துக்கு ஐந்து நிமிட ஒத்திகைகூட இராது. ஆகவே புதுப் படைப்பின் பக்கத்தில் குழு நன்கறிந்த ஒன்றையே வைப்பார்கள். நிகழ்ச்சி நிரலில் புதிய பெயருக்குப் பக்கத்தில் பழைய பெயர் நிற்பதைப் பார்த்தால், அது ரசிகர்களுக்காக மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். ஒத்திகைக் கணக்கும் அதில் உண்டு.

தனிக்கலைஞரோ வாரத்தின் பிற்பகுதியில்தான் வந்து சேர்வார். எனவே கன்சர்ட்டோ கடைசி ஒத்திகைகளுக்குப் போகும். ஓர் ஒத்திகைக்குள்ளும் வரிசை உண்டு. அதிகமான ஆட்கள் தேவைப்படும் படைப்பை முதலில் முடித்துவிடுவார்கள். அப்போதுதான் மற்றப் படைப்புகளில் வேலையில்லாத டிராம்போன்காரர்கள் வீணாகக் காத்திராமல் வீட்டுக்குப் போகலாம்.

எட்டு எண்களில் ஒரு படைப்பு

மூன்றாம் சல்லடை ஆள் கணக்கு. ஒரு படைப்புக்கு எத்தனை ஊதுகருவிகள் தேவை என்பதைத் திட்டமிடுவோர் எட்டு எண்களில் எழுதிவிடுகிறார்கள். முதல் நான்கு எண்கள் புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன். அடுத்த நான்கு ஹார்ன், டிரம்பெட், டிராம்போன், டியூபா. பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனிக்குரிய எண்கள் 3-2-2-3, 2-2-3-0. மொத்தம் 17 பேர். ஸ்ட்ராவின்ஸ்கி 1913இல் அரங்கேற்றிய 'வசந்தத்தின் சடங்கு' என்ற படைப்புக்கு 5-5-5-5, 8-5-3-2. மொத்தம் 38 பேர்!

இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு நேரம் ஓடக்கூடியவை; அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். ஆனால் செலவு ஒன்றல்ல. பெரிய குழுக்களிலும் ஒவ்வொரு மரக்குழல் இனத்துக்கும் நிரந்தரமாக இருப்பவர்கள் மூவர் அல்லது நால்வர்தான். ஐந்தாமவரையும் கூடுதல் ஹார்ன்காரர்களையும் வெளியிலிருந்து அமர்த்த வேண்டும். ஒத்திகைக்கும் நிகழ்ச்சிக்கும் தனித்தனியே ஊதியம் தரவேண்டும். அப்படி அமர்த்திய வாரத்தில் அவர்கள் பயன்படும் வேறொரு பெரிய படைப்பையும் சேர்த்து வைப்பது சிக்கனம்.

பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதன் நான்கு பகுதிகளில் முதல் மூன்றில் டிராம்போன்களுக்கு வேலையே இல்லை. மூவரும் அசையாமல் காத்திருந்து கடைசிப் பகுதியில் மட்டும் முழங்குவார்கள். எவ்வளவு வாசித்தார்கள் என்று பார்த்து ஊதியம் தருவதில்லை. அந்தச் சில நிமிடங்களுக்காக அவர்களுடைய மாலை முழுவதையும் இசைக்குழு வாங்கிவிடுகிறது.

உதடும் செவியும்

நான்காம் சல்லடை மனித உடல். பித்தளைக் கருவிகளில் ஒலி பிறப்பது உதடுகளின் அதிர்வால். கருவி அந்த அதிர்வைப் பெருக்கிச் சீராக்குகிறது. நீண்ட நேரம் உரக்க ஊதினால் உதட்டுத் தசைகள் சோர்ந்து சுரம் பிசகும். அதனால்தான் முதல் ஹார்ன் கலைஞருக்குப் பக்கத்தில் உதவியாளர் ஒருவரை அமர்த்துவதுண்டு. உரத்த பகுதிகளை அவர் ஏற்றுக்கொண்டால், முதல்வர் நுட்பமான பகுதிகளுக்குத் தெம்போடு இருப்பார். புரூக்னர், மாலர் போன்றோரின் பெரும் சிம்பொனிகளை அடுத்தடுத்த வாரங்களில் வைக்கத் திட்டமிடுவோர் தயங்குவதும் இதனால்தான்.

செவியின் நிலை இன்னும் கவலைக்குரியது. ஒலியின் அளவை டெசிபல் என்னும் அலகால் அளக்கிறோம். ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்குச் சராசரியாக 85 டெசிபல் என்ற அளவை எட்டினால் செவியைக் காக்க நடவடிக்கை எடுத்தே ஆகவேண்டும் என்று ஐரோப்பியச் சட்டம் சொல்கிறது. ஒலி 3 டெசிபல் கூடினால் அதன் ஆற்றல் இரட்டிப்பாகிறது. எனவே அதே பாதிப்பு பாதி நேரத்தில் நேர்ந்துவிடும். 88 டெசிபல் என்றால் நான்கு மணி. 91 என்றால் இரண்டு மணி. 94 என்றால் ஒரே மணி!

2003இல் வந்த இந்த விதி 2008 முதல் இசைத்துறைக்கும் பொருந்துகிறது. இசையும் இரைச்சலாகுமா என்று சிலர் கேட்டார்கள். செவிக்குள் இருக்கும் நுண்ணிய மயிர்ச்செல்களுக்கு இரண்டும் ஒன்றுதான். லண்டன் ராயல் ஆப்பரா மாளிகையில் 2012இல் வாக்னரின் இசை நாடகத்துக்கு ஒத்திகை நடந்தபோது, பித்தளைக் கருவிகளுக்கு முன்னே அமர்ந்திருந்த வயோலாக் கலைஞர் ஒருவரின் செவி கெட்டது. அவர் தொழிலையே விட நேர்ந்தது. 2018இல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. உரத்த படைப்புகளை ஒரே நாளில் குவிக்காமல் பிரித்து வைப்பதும், இருக்கைகளுக்கு இடையே இடம் விடுவதும் இன்று திட்டமிடுவோரின் கடமைகளாகிவிட்டன.

குறைக்க முடியாத முப்பத்தைந்து நிமிடம்

இனிப் பணத்துக்கு வருவோம். அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் பாமல், போவன் ஆகிய இருவரும் 1966இல் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார்கள். நெசவாலையில் புதிய இயந்திரம் வந்தால் ஒரு தொழிலாளி முன்பைவிடப் பல மடங்கு துணி நெய்கிறார். அவருடைய கூலியும் உயர்கிறது. ஆனால் பீத்தோவன் காலத்தில் முப்பத்தைந்து நிமிடம் பிடித்த சிம்பொனிக்கு இன்றும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் பிடிக்கும். ஆட்களையும் குறைக்க முடியாது. மற்றத் தொழில்களில் ஊதியம் உயரும்போது இசைக் கலைஞர்களுக்கும் உயர்த்தித்தானே ஆகவேண்டும்? ஆகவே செலவு ஏறிக்கொண்டே போகும். ஈடுகட்ட உற்பத்தி பெருகாது.

அமெரிக்காவின் பெரிய குழுக்களில் நுழைவுச் சீட்டு விற்பனை, செலவில் பாதியைக்கூட ஈடுசெய்வதில்லை. நன்கொடையும் நிதிமுதலும்தான் தாங்குகின்றன. 1900இல் தொடங்கிய பெருமை வாய்ந்த பிலடெல்பியா இசைக்குழுவே 2011இல் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. மீண்டுவர ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

இந்நிலையில் எல்லாரும் அறிந்த படைப்புகளையே திரும்பத் திரும்ப வாசித்தால் என்ன? அரங்கு நிறையும், ஒத்திகையும் குறையும். பழைய படைப்புகளின் சுரத்தாள்கள் சொந்தமாகவே இருக்கும். பதிப்புரிமை உள்ள புதியவற்றை வாடகைக்கு வாங்க வேண்டும். கணக்கு ஒரு பக்கமாகவே சாய்கிறது.

ஆனால் ஒரு செய்தியை எண்ணிப் பாருங்கள். 1943இல் ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்ட்டோக் நியூயார்க் மருத்துவமனையில் நோயுற்று, கையில் பணமின்றிக் கிடந்தார். பாஸ்டன் குழுவின் நடத்துநர் கூஸெவிட்ஸ்கி அங்கே சென்று புதுப் படைப்பு ஒன்று வேண்டுமென்று கேட்டார். 1944 டிசம்பர் 1ஆம் நாள் அது பாஸ்டனில் அரங்கேறியது. அடுத்த ஆண்டே பார்ட்டோக் மறைந்தார். 'இசைக்குழுவுக்கான கன்சர்ட்டோ' எனப்படும் அப்படைப்பு இன்று உலகெங்கும் அரங்கை நிறைக்கிறது. அன்று வரவு செலவை மட்டும் பார்த்திருந்தால் இன்றைய வரவே இல்லை!

திட்டம் முறியும்போது

எவ்வளவு திட்டமிட்டாலும் எதிர்பாராதது வந்தே தீரும். 1943 நவம்பர் 14ஆம் நாள் நியூயார்க்கில் புரூனோ வால்டர் காய்ச்சலில் படுத்துவிட்டார். 25 வயது நிரம்பிய துணை நடத்துநர் பெர்ன்ஸ்டைன் ஒத்திகையே இன்றி மேடையேறினார். நாடெங்கும் வானொலி கேட்டவர்கள் வியந்தார்கள். அவருடைய திறமை பெரிதுதான். ஆனால் குழு அந்த நிகழ்ச்சிக்கு வால்டரிடம் முன்பே ஒத்திகை செய்து முடித்திருந்தது என்பதையும் மறக்கலாகாது.

1963 நவம்பர் 22, வெள்ளிக்கிழமைப் பிற்பகல். பாஸ்டனில் நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோதே அதிபர் கென்னடி சுடப்பட்டு இறந்த செய்தி வந்தது. நூலகப் பொறுப்பாளர் விரைந்து சென்று பீத்தோவனின் மூன்றாம் சிம்பொனிச் சுரத்தாள்களை எடுத்துவந்து கலைஞர்களுக்கு வழங்கினார். நடத்துநர் லைன்ஸ்டார்ஃப் அரங்கினருக்குச் செய்தியைச் சொன்னார். பிறகு, அச்சிட்ட நிரலில் இல்லாத அந்த இறுதி ஊர்வல இசை ஒலித்தது. அதற்கென அன்று ஒத்திகை எதுவும் இல்லை. ஆனால் சுரத்தாள்கள் குறியிடப்பட்டு அலமாரியில் ஆயத்தமாக இருந்தன. ஆண்டாண்டாக வாசித்த பழக்கம் கலைஞர்களின் விரல்களில் இருந்தது. பல பருவங்களில் செலவிட்ட நேரமெல்லாம் சேமிப்பாக இருந்து அந்தக் கால் மணி நேரத்துக்கு உதவியது.

திட்டமிடுபவர் மேடைக்கு வருவதில்லை. கைதட்டல் அவருக்கு இல்லை. ஆயினும் இருபது வாரங்களில் எதை வாசிப்பது என்று அவர் எழுதும்போதே, எதை வாசிக்காமல் விடுவது என்றும் முடிவாகிவிடுகிறது. வாசிக்கப்படாத சிம்பொனி வெறும் மை படிந்த தாள்தான். அதை ஒலியாக்க நூறு பேரின் நேரம் வேண்டும். அந்த நேரத்தை எந்த இயந்திரத்தாலும் பெருக்க முடியாது. பங்கிட மட்டுமே முடியும். அடுத்தமுறை ஓர் இசைக்குழுவின் நிகழ்ச்சி நிரல் உங்கள் கையில் கிடைத்தால், அதை வெறும் பெயர்ப் பட்டியலாகப் படிக்காதீர்கள். நூறு பேரின் நேரம் எப்படிப் பங்கிடப்பட்டது என்று அதில் தேடிப் பாருங்கள்.