பட்டாவும் பிராதும் கூறும் குலவரலாறு

அரசர்களின் பரம்பரையைக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் கூறுகின்றன. அரைக்காணி நிலம் உழுத குடியானவரின் பரம்பரையை எது கூறும்? ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்து நில ஏடுகளும் நீதிமன்ற ஏடுகளும் கூறும் என்பதே என் விடை. பள்ளியில் பணியாற்றிய நாளில், முன்னோர் பெயர்களை எழுதுமாறு மாணவர்களிடம் சொல்வது என் வழக்கம். பெரும்பாலோர் பாட்டனாரோடு நின்றுவிடுவர். அதற்கு அப்பால் செல்லும் வழியை இங்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

கையில் இருப்பதிலிருந்து தொடங்குவதே முறை. வீட்டிலுள்ள பழைய பத்திரத்தில் ஊர், நில விவரம், தந்தை பெயர் ஆகியவை காணப்படும். நம் நாட்டில் பத்திரப் பதிவு 1865 முதல் ஒழுங்காக நடைபெற்று வருகிறது. பதிவு அலுவலகங்களில் பெயர்வாரியாக ஓர் அட்டவணையும், சொத்துவாரியாக மற்றோர் அட்டவணையும் உண்டு. ஒரு பத்திரம் தனக்கு முந்திய பத்திரத்தைச் சுட்டும். ஏணிப்படி ஏறுவதுபோல மேலே செல்லலாம்.

அடுத்தது நில ஏடு. இரயத்துவாரி ஊர்களின் செட்டில்மெண்டுப் பதிவேட்டில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் நேரே பட்டாதாரர் பெயர் இருக்கும். இனாம் நிலமாயின் நம் நற்பேறு பெரிது. 1858இல் அமைந்த இனாம் கமிஷன் தயாரித்த ஏடுகளில், நிலத்தை அளித்தவர், முதலில் பெற்றவர், அந்நாளில் அனுபவித்தவரின் பெயர், வயது, முதலில் பெற்றவருக்கு அவர் என்ன உறவு ஆகிய யாவும் தனித்தனிக் கட்டங்களில் எழுதப்பட்டுள்ளன. இத்தகைய ஏடுகளை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் காணலாம்.

ஏடுகளில் ஆண்டு பெரும்பாலும் பசலியில் இருக்கும். பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1280 என்பது 1870 ஜூலை முதல் 1871 ஜூன் வரை. பிரபவ, விபவ முதலிய ஆண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் வருவன; அவற்றை மட்டும் நம்பினால் பாட்டனாரும் பேரனும் ஒருவராகிவிடுவர்!

மூன்றாவது, நீதிமன்ற ஏடு. பாகப்பிரிவினை, சுவீகாரம், சீவனாம்சம் ஆகிய வழக்குகளில் பிராதோடு வம்சாவளிப் பட்டியலும் இணைக்கப்படுவது உண்டு. 1829இல் சிவகங்கை ஜமீன்தார் மறைந்தபின் வாரிசுரிமை வழக்குகள் மூண்டன. அவர் மகள் காத்தம நாச்சியாருக்குச் சாதகமாக 1863இல் இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. ஜமீன் அவருடைய தனிச் சொத்தா, குடும்பப் பொதுச் சொத்தா என்பதே அங்கு எழுந்த வினா. அதனை ஆராய்ந்த தீர்ப்பில் உடன்பிறந்தார், மனைவியர், மகளிர் என உறவுமுறைகள் விரிவாகப் பதிவாகியுள்ளன.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. பிராது என்பது வாதியின் கட்சியே. உண்மையின் முழு உருவன்று. பங்கு குறையுமென்று தாயாதி ஒருவரை மறைத்திருக்கலாம். ஆதலின் எதிர்வாதியின் பதிலையும், சாட்சிகளின் வாக்குமூலத்தையும், தீர்ப்பையும், நில ஏட்டையும் ஒப்பிட்டே முடிவு காண வேண்டும்.

இதனினும் முக்கியமான குறை ஒன்று உண்டு. நில ஏடு வரி செலுத்தியவரையே அறியும். அந்நிலத்தில் நாற்று நட்டவரையும், ஏர் பிடித்த பண்ணையாளையும் அது அறியாது. பெண்கள் பெயரும் அங்கு அருமையே. கைம்பெண் ஒருத்தி சீவனாம்சம் கேட்டு வழக்குமன்றம் ஏறியபோதுதான் அவள் பெயர் வெளிப்படுகிறது. ஏட்டில் பெயர் இல்லாமையால் ஒருவர் வாழாதவர் ஆகிவிடார். அவர்களைப் பற்றிய சான்று முதியோர் நினைவிலேயே தங்கியிருக்கிறது. ஏடுகள் ஆவணக் காப்பகத்தில் காத்திருக்கும். முதியோர் நினைவு காத்திராது. ஆகவே காப்பகத்துக்குப் புறப்படுமுன், இல்லத்திலுள்ள பாட்டியாரிடம் அமர்ந்து, அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.