பழைய டிராக்டரில் பிரேக் சத்தமும் அதிர்வும்

டிரம் பிரேக் உள்ள பழைய டிராக்டரில் பிரேக் பிடிக்கும்போது எழும் சத்தத்தைக் கொண்டே காரணத்தை ஓரளவு அறியலாம்.

'கிரீச்' என்று கேட்டால் லைனிங்கில் தூசி படிந்திருக்கலாம்; அல்லது அதன் மேற்பரப்பு வழவழப்பாகியிருக்கலாம். 'கரகர' என்று அரைத்தால் லைனிங் தேய்ந்து ரிவெட் டிரம்மில் உராய்கிறது. உடனே மாற்றாவிடில் டிரம்மும் வீணாகும். மிதியில் காலை வைத்ததும் அதிர்ந்தால் டிரம்மின் வட்டம் கெட்டிருக்கலாம், பட்டறையில் காட்டவும்.

வண்டி ஒரு பக்கம் இழுத்தால் பெரும்பாலும் எதிர்ப்பக்கப் பிரேக் பிடிக்கவில்லை என்று பொருள். முதலில் இரு மிதிகளின் தளர்வும் சமமா என்று பார்க்கவும். சமமாயின், ஆயில் சீல் கசிந்து லைனிங் நனைந்திருக்கலாம். சீலை மாற்றிய பின்பே, இரு பக்கமும் புதிய லைனிங் போட வேண்டும்.

பழைய லைனிங் தூசியில் கல்நார் இருக்கலாம். எனவே ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கவும்.

சேற்றுழவு முடிந்து மேடேறியதும், மெதுவாக ஓட்டியபடி மிதியைப் பலமுறை லேசாக அழுத்திப் பிரேக்கை உலர்த்தவும். சாலையில் செல்லுமுன் இரு மிதிகளையும் கொக்கியால் இணைக்க மறவாதீர்கள். பாரவண்டியுடன் ஓடும்போது ஒரு மிதியை மட்டும் மிதித்தால் டிராக்டர் சட்டெனத் திரும்பிக் கவிழ நேரிடும்.