மின்கலம் சோர்வது ஏன்?

கேமரன் மலைத் தோட்டச் சாலைகளில் மூடுபனி இறங்கிவிட்டால், வளைவுகளில் நம்மைக் காப்பவை ஹார்னும் பிரேக் விளக்குமே ஆகும். 6 வோல்ட் ஹோண்டா சி70 போன்ற பழைய மோட்டார் சைக்கிள்களில் இவ்விரண்டிற்கும் மின்கலமே ஆதாரம். தீப்பொறியை மேக்னெட்டோ தருவதால், மின்கலம் செத்தாலும் இயந்திரம் ஓடும். எனவே கோளாறு நெடுநாள் புலப்படாது.

உடனே புதிய மின்கலம் வாங்கிப் பணத்தை விரயமாக்காமல், மின்னேற்றம் நடைபெறுகின்றதா என முதலில் சோதிப்போம். திராவகம் குறைந்திருப்பின் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுக. ஃபியூஸைக் கவனித்து, முனைகளின் களிம்பை அகற்றுக. பின்னர் வோல்ட் மானியைப் பொருத்துக. நன்கு மின்னேறிய மின்கலம் சுமார் 6.3 வோல்ட் காட்டும். முகப்பு விளக்கை அணைத்து, இயந்திரத்தை மிதமான விரைவில் ஓட்டினால், அளவு 7 வோல்ட்டை எட்டுதல் வேண்டும்.

அளவு உயர்ந்தும் மறுநாள் மின்கலம் சோர்ந்தால், அது முதுமையடைந்திருக்கலாம். உயராவிடில், மலை ஈரத்தால் துருவேறிய கம்பி இணைப்புகளைத் தூய்மை செய்க. அடுத்து ரெக்டிபையரைக் கழற்றி ஓம் மானியால் சோதிக்க. மின்சாரம் ஒரு திசையில் மட்டுமே செல்லுதல் வேண்டும். அதுவும் நன்றெனில், மின்சுருளை ஆராய்வது பட்டறையின் பணி. அதுவரை பனியில் வண்டியை எடுக்காதிருப்பதே அறிவுடைமை.